ஜிகினாப் போர்வைகள் திரும்பி வரும் வீடு

ஓபர்லாக்,
ஜூன் 24, புனித யோவான் திருநாள்

அன்புள்ள காஸியன்,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அடுப்பு எரிகிறது. மேலேயும் எரிய வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டேன்.

போன் சிக்னல் எடுக்கிற பாறை வரைக்கும் அரைமணி நேரம் ஏறிப்போய் என்னோடு பேசுகிற ஆளில்லை நீ. வயர்லெஸ்ஸோ ஆபத்துக்கு மட்டும். ஆகையால் போன இரண்டு கோடை போலவே இந்தக் கோடையும் மாவு மூட்டைக்கு நடுவில் கடிதம் வைத்து, மலைமேல் நீ பார்த்துக்கொள்கிற குடிலுக்கு அனுப்புகிறேன். ரோமெட் மத்தியானம் கம்பிவடத்தில் கூடையை மேலே ஏற்றுவான். "சென்ஸி, இதுல காதல் கடுதாசி எது, கணக்குக் கடுதாசி எது?" என்று கேட்டான். "ரெண்டும் ஒண்ணுதான், நீ மோட்டாரைப் பாரு" என்றேன்.

மாவு, ஈஸ்ட், வெங்காயம், பன்றிக்கொழுப்பு, துவைத்த தலையணை உறைகள் எல்லாம் இருக்கின்றன. புகையிலை இல்லை. மறக்கவில்லை, அனுப்பவில்லை.

நீ கேட்ட ஜிகினாப் போர்வையும் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். முதல் கோடையில் அந்த வாத்தியாரை மேஜைத்துணிகளால் சுற்றி இறக்கினீர்களே, ஜூலை மாதத்தில், வழியிலேயே குளிரில் விறைத்து இறந்துபோனாரே, அன்றிலிருந்து நீ கேட்கும்போதெல்லாம் வாங்கி அனுப்புகிறேன். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. உடம்புச் சூட்டை வெளியே விடாத மெல்லிய மினுக்குத் தாள், மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மலையேறி வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்து இறக்கிவிடுகிறாய். நல்லது. ஆனால் கொடுத்ததில் ஒன்றாவது திரும்பி வந்திருக்கிறதா? வீடு நடத்துகிறவளுக்கு அது பொறுக்காது. ஆகவே பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பை தைத்திருக்கிறேன். பையின் மேல் அழியாத மையில் என் முழுப்பெயரோடு எழுதியிருக்கிறேன்: "குளிர் விட்டதும் திருப்பி அனுப்பவும். கிரெசென்ஸ், கோவிலுக்குக் கீழ் வீடு, ஓபர்லாக்." இனிமேல் பையோடு கொடு.

இது கடைசிக் கோடை என்று போன மார்ட்டின் திருநாளன்று வாத்துக்கறி தின்றுகொண்டே சொன்னாய். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் விறகு அடுக்குகிறேன். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

உனக்காகச் சிலுவை போட்டுக்கொண்டு,
சென்ஸி


குடில்,
ஜூலை 3

சென்ஸி,

கூடை வந்தது. வெங்காயம் நனைந்திருந்தது. ரோமெட்டிடம் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொல். புகையிலை இல்லாததைக் கவனித்தேன்.

இங்கே மழை, பிறகு மூடுபனி, பிறகு மழை. நேற்று பட்டணத்துக்காரன் ஒருவன் செருப்பு மாதிரி எதையோ போட்டுக்கொண்டு, முதுகில் கிடாரோடு வந்து சேர்ந்தான். "ஜிகினா இருக்கா?" என்றேன். "ஏன், மேல ஏதாவது கல்யாணமா?" என்கிறான். "கல்யாணம் இல்ல தம்பி, அடக்கம். உன்னோடது" என்றேன். சிரித்தான். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான், சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பையைக் கொடுத்து, "தங்கப் பக்கம் வெளியே, வெள்ளிப் பக்கம் உள்ளே" என்று சொல்லி இறக்கிவிட்டேன். பையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "இந்த அம்மா யாரு?" என்றான். "எனக்கும் அவங்கதான் மேலதிகாரி" என்றேன்.

என் கோட்டின் உள்துணி கிழிந்து தொங்குகிறது. அழுக்குத் துணியோடு வைத்திருக்கிறேன். தைத்து அனுப்பு. அதுவரை போர்வை ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சமாளிக்கிறேன்.

காஸியன்


ஓபர்லாக்,
ஜூலை 22, மகதலா மரியாள் திருநாள்

அன்புள்ள காஸியன்,

தோத்திரம். போர்வைகள் திரும்பி வருகின்றன.

முதலில் உன் கிடார்க்காரன் அனுப்பினான், ஒரு சாக்லேட்டும் சேர்த்து. அப்புறம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. தபால்காரி, "என்ன சென்ஸி, உனக்கு ஊரெல்லாம் சொந்தக்காரங்க முளைச்சிட்டாங்க" என்கிறாள். வந்ததைத் துடைத்து, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறேன். மடிப்பில் பூச்சு உதிராதது உனக்கு வரும். உதிர்ந்தது செர்ரி மரத்துக்குப் போகிறது. இந்த வருஷம் ஒரு குருவியும் பழத்தைத் தொடவில்லை.

எல்லோரும் கூடவே ஒரு துண்டுச் சீட்டில் ஏதாவது எழுதியிருக்கிறார்கள். ஒருவர் உன்னை முசுடு என்கிறார், ஆனால் தன் காலுறைகளை அடுப்புக்கு மேல் காயவைத்துத் திருப்பிப் போட்டுக் கொடுத்தாய் என்கிறார். நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இந்த வீட்டில் கொடியில் கிடக்கிற காலுறை மழையில் நனைந்தாலும் நீ எடுத்ததில்லை.

இன்னொரு அம்மா எழுதியிருக்கிறாள்: "கடைசிப் போர்வையைத் தன் சட்டைக்குள்ளிருந்து எடுத்து எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர் வெறும் சட்டையோடு மூடுபனிக்குள் வழிதவறின குடில் ஆட்டைத் தேடப் போனார். இப்படியும் ஒரு மனிதரா!" அவளுக்கு நீ புனிதன். மார்ட்டின் புனிதரை நினைத்துக்கொள். குதிரைமேல் இருந்தவர் பிச்சைக்காரனுக்குப் போர்வையைப் பாதியாக வெட்டித்தான் கொடுத்தார். மீதிப் பாதியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதையும் சேர்த்துத்தான் பிரசங்கத்தில் சொல்கிறார்கள். நீ முழுசையும் கொடுத்துவிட்டு நிற்கிறாய். உனக்கு வயது இருபது இல்லை.

கோட்டைத் தைத்து அனுப்புகிறேன். உள்துணியை அவிழ்க்காதே, இழுக்காதே. கேள்வியும் கேட்காதே.

சாக்லேட்டில் பாதி உனக்கு.

சென்ஸி


குடில்,
ஆகஸ்ட் 5

சென்ஸி,

கோட்டுக்குள் என்ன வைத்துத் தைத்தாய்? கை தூக்கினால் சலசல. குனிந்தால் சலசல. நேற்று ஒரு குழந்தை என் பின்னாலேயே சுற்றியது. "தாத்தா பையில மிட்டாய் இருக்கு" என்று தாயிடம் சொல்கிறது. மிட்டாய் இல்லை என்றதும் அழுதது. ஆடுகள்கூட என்னைக் கண்டால் தலை தூக்குகின்றன.

எனக்குத் தெரியும் என்னவென்று. கொடுக்க முடியாதபடி தைத்திருக்கிறாய். சரி, கேள்வி கேட்கவில்லை.

குடிலுக்குச் சொந்தக்காரர்கள், மலைச் சங்கத்துக்காரர்கள் இருவர் ஏறி வந்திருந்தார்கள். கூரையைப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். உருண்டைச் சூப் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள். வேறு விசேஷம் இல்லை.

சாக்லேட் உருகி ஈஸ்ட் பொட்டலத்தோடு ஒட்டிவிட்டது. பரவாயில்லை, சாப்பிட்டேன்.

காஸியன்


ஓபர்லாக்,
ஆகஸ்ட் 16, மாதா திருநாளுக்கு மறுநாள்

காஸியன்,

நேற்று கோவிலில் மூலிகைக் கட்டு மந்திரித்துக் கொண்டுவந்து சமையலறை மூலையில் சொருகிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். ஹாலந்துப் பெண், பெயர் ஃபெம்கே. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. கையில் என் பை. தபாலில் போடாமல் நேரே கொண்டுவந்திருக்கிறாள். உட்காரவைத்துக் காப்பி போட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் திட்டிக்கிட்டே சூப் ஊத்துறார்மா. ரொம்ப நல்லவர்" என்றாள்.

"இங்கேயும் அப்படித்தான். சூப் மட்டும் நான் ஊத்துவேன்" என்றேன்.

நன்றாகச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அப்புறம் சொன்னாள்: "அடுத்த வருஷம் தங்கச்சியையும் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டேன். 'தாராளமா வா, இன்னும் அஞ்சு கோடைக்கு நான் இங்கதான், கையெழுத்துப் போட்டாச்சு'ன்னார்."

நான் அப்போது காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை நிரம்பித் தட்டு நிரம்பி மேஜைவிரிப்புக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன? தெரியும். கேக்கை எடுத்துக்கோ" என்றேன். மாதா திருநாளில் பொய். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பாவத்தில் பாதி உன் பெயரில்.

கூரையைப் பார்த்தார்கள், சூப் குடித்தார்கள் என்று எழுதினாயே. கையெழுத்து சூப்புக்கு முன்னாலா, பின்னாலா?

மூன்று கோடையாக நான் தனியாக வைக்கோல் உலர்த்தி, தனியாக ஜெபமாலை சொல்லி, இருவருக்குப் போடுகிற உப்பைத் தெரியாமல் போட்டுவிட்டுத் தனியாகத் தின்கிறேன். இந்த வருஷத்தோடு முடிகிறது என்று முழங்காலுக்கும் சொல்லிவைத்திருந்தேன். எனக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மேலே நடுங்குகிறவர்கள் எனக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை. போர்வை வரும். மாவு வரும். கடிதம் வராது.

கிரெசென்ஸ்


குடில்,
ஆகஸ்ட் 27

சென்ஸி,

நீ முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டது, கல்யாணப் பதிவேட்டுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

நேற்றைய கூடையில் மாவைக் கொட்டிப் பார்த்தேன். கடிதம் இல்லை. புகையிலை இருந்தது. அதைப் பார்த்ததும்தான் பயம் வந்தது.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பாய், நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன். அதனால் சொல்லவில்லை. இதற்கு மேல் அழகாக எழுத எனக்குத் தெரியாது.

கேள். ரோப்கார் மெக்கானிக்காக இருந்தவரை எனக்கு இரைச்சல் இருந்தது, எண்ணெய் இருந்தது, யாராவது கூப்பிட்டார்கள். ஓய்வு கொடுத்த பிறகு உன் வீட்டில் உட்கார்ந்தேன். எல்லாம் நடக்கிறது, நான் இல்லாமலே. ஒரு கரண்டி எடுக்கப் போனால் அது எங்கே இருக்கிறதென்று தெரியாது. "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்பாய். உட்கார்ந்தேன். உட்கார்ந்தே செத்துப்போவேன் போலிருந்தது. இங்கே என்னைக் கேட்காமல் எவனும் மலைவிளிம்புப் பாதையில் இறங்குவதில்லை. அந்த வாத்தியாருக்குப் பிறகு ஒருவனையும் நான் குளிருக்குக் கொடுக்கவில்லை.

உன்னை விட்டு வரவில்லை, சென்ஸி. உட்காருவதை விட்டு வந்தேன். அது உனக்கு ஒன்றாகத்தான் தெரியும் என்பதும் தெரிகிறது.

எழுது. திட்டியாவது எழுது.

காஸியன்


குடில்,
செப்டம்பர் 13

சென்ஸி,

கூடைகள் வந்தன. கடிதம் இல்லை. கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ரோமெட் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் என் கையால் படித்துவிடு. நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் திடீரென்று பனி கொட்டியது. பக்கத்துக் குடிலிலிருந்து இரண்டு பேர், தடித்த அண்ணன்தம்பி, சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சூப் ஆறியது. வரவில்லை. இங்கே தங்கியிருந்தவர்களிடம் வயர்லெஸ்ஸைக் காட்டிக்கொடுத்து, மீட்புக்காரர்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய போர்வைப் பைகளில் இரண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

விளிம்புக்குக் கீழே பாறை ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவன் பேசினான், சின்னவன் பேசவில்லை. ஒரு போர்வையை விரித்தேன், காற்று கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டது. தங்கமாக மின்னிக்கொண்டு பனிக்குள் போய்விட்டது. அதைப் பிடிக்கப் பாய்ந்தேன், கால் மடங்கியது. மிச்சமிருந்த ஒன்றில் இரண்டு பேரையும் ஒன்றாகச் சுற்றினேன். தலை மூடினால் கால் தெரிந்தது.

அப்போது என் கோட்டு சலசலத்தது. உள்துணியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பல்லால் கடித்தேன். செருப்புத் தைக்கிற நூலால் இரட்டைத் தையல் போட்டிருக்கிறாய், பாதகத்தி. கத்தி குடிலில், ரொட்டிப் பலகைமேல் இருக்கிறது. கோட்டையே கழற்றினேன். ஒரு கை வெளியே வந்தது. பெரியவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "யோவ் கிழவா, போடு அதை. நீ விறைச்சுட்டா எங்களை யாரு திட்டுறது?" என்றான். எனக்கு மறுபடி கையை உள்ளே விடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு, சின்னவன் தூங்காமல் இருக்க அவனுக்குத் தெரிந்த வசவையெல்லாம் சொல்லச் சொன்னேன். நிறையத் தெரிந்துவைத்திருக்கிறான்.

மீட்புப் பையன்கள் வந்தபோது ஒருவன் என் முதுகில் கை வைத்தான். "இந்தாளு முதுகு அடுப்பு மாதிரி இருக்குடா" என்றான். காலர் பக்கம் விளக்கைப் பிடித்தான். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். காலருக்கு உள்ளே உன் எழுத்து. "குளிர் விட்டதும் திருப்பி அனுப்பவும். கிரெசென்ஸ், கோவிலுக்குக் கீழ் வீடு, ஓபர்லாக்."

"ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிடலாமா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கண் கரித்தது, பனியால் இருக்கலாம்.

சின்னவன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து, கால்விரல்கூடப் போகவில்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

அந்தத் தையல் மட்டும் அவிழ்ந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன். நான் அப்படித்தான். நீ அதைத் தெரிந்து தைத்திருக்கிறாய்.

காஸியன்


ஓபர்லாக்,
செப்டம்பர் 21, மத்தேயு திருநாள்

அன்புள்ள காஸியன்,

ஆண்டவருக்குத் தோத்திரம். உன் கடிதத்தை மூலிகைக் கட்டுக்குக் கீழே நின்றபடியே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை. அந்த அண்ணன்தம்பிக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். உனக்காக ஏற்றவில்லை. உனக்கு நூல் செலவழித்தாயிற்று.

இப்போது நான் பேசுகிறேன்.

கரண்டி எங்கே இருக்கிறதென்று தெரியாது என்கிறாய். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரே ஆணியில்தான் தொங்குகிறது, அடுப்புக்கு இடது பக்கம். ஆனாலும் நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். "நீ உக்காரு" என்று நான் சொன்னது உண்மை. வேலை செய்து களைத்தவனுக்கு உபசாரம் என்று நினைத்துச் சொன்னேன். அது உனக்கு ஆணி அடித்த மாதிரி இருந்ததென்று நீ ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாம். மலையில் எல்லோரையும் திட்டுகிறாய், என்னைத் திட்ட வாய் வரவில்லையா?

நான் படித்தவளில்லை. கோவில் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்து எழுதக் கற்றவள். ஆனாலும் ஒன்று எனக்குத் தெரிகிறது. இந்தக் கோடை முழுக்க இந்த வீட்டுக்கு எல்லாம் திரும்பி வந்தது. போர்வை வந்தது, பை வந்தது, ஊர்பேர் தெரியாதவர்களின் நன்றி வந்தது. திரும்பி வருகிற சாமான்களுக்கு முகவரியாக இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது, காஸியன். அனுப்பினவன் வர வேண்டும்.

கையெழுத்தை அழிக்கச் சொல்லவில்லை. மேலே நீ இல்லாமல் ஒருவன் விறைத்தால் அதை நானும் சுமக்க வேண்டும். ஆனால் மார்ட்டின் புனிதரின் மீதிப் பாதியை எனக்குக் கொடு. இனி ஒவ்வொரு கோடையும் மாதா திருநாள் வரைக்கும் நீ மேலே இரு. அதற்குப் பிறகு வேறு ஆளைப் போடச் சொல்லிச் சங்கத்துக்காரர்களிடம் பேசு. வைக்கோலுக்கும் விறகுக்கும் நீ இங்கே வேண்டும். உன்னை உட்காரச் சொல்ல மாட்டேன், அது நான் கொடுக்கிற பாதி.

முடியாது என்றால் வியாக்கியானம் எழுத வேண்டாம். குடிலை மூடுகிற அன்று, அக்டோபர் முதல் சனிக்கிழமை, கடைசிக் கூடையில் அந்தக் கோட்டை மடித்து அனுப்பிவிடு. நான் கூடை இறங்குகிற கீழ் நிலையத்தில் ரோமெட்டோடு நிற்பேன். கோட்டைப் பார்த்தால் புரிந்துகொள்வேன். தையலைப் பிரித்துப் போர்வையை எடுத்துக்கொண்டு, கோட்டை ஏழைகளுக்குப் போட்டுவிடுவேன்.

இந்தக் கூடையில் கத்தி ஒன்று வைத்திருக்கிறேன், பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும் சைஸ். இனி அவிழ்ப்பதும் விடுவதும் உன் கையில்.

சென்ஸி


குடில்,
சனிக்கிழமை காலை

சென்ஸி,

இந்தச் சீட்டு கடைசிக் கூடையில் அழுக்குத் துணிக்கு மேல் இருக்கும். கோட்டைத் தேடாதே, அதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிற பாறை வரைக்கும் ஏறிப்போனேன். இந்த முழங்காலோடு ரொம்ப நேரம் பிடித்தது. முதலில் சங்கத்துக்காரனிடம் பேசினேன். "பாதிக் கோடைக்கு எவன் வருவான்?" என்று முனகினான். "அது உன் பாடு. மீதிப் பாதி என்னோடது இல்ல, கேட்டவங்க கிட்ட கொடுத்தாச்சு" என்றேன். இரண்டு மூன்று தடவை முனகிவிட்டுச் சரி என்றான். பிறகு வீட்டுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ பூசைக்குப் போயிருப்பாய். எனக்குத்தான் நேரம் தெரியவில்லை.

ஜன்னல்களை அடைத்துவிட்டேன். மிச்சமிருந்த பைகளை ஆணியிலேயே விட்டிருக்கிறேன், குளிர்காலத்தில் எவனாவது வந்து ஒதுங்கினால் ஆகும். கத்தியால் ரொட்டி மட்டும்தான் வெட்டினேன்.

இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு மெதுவாக இறங்குகிறேன். கூடை வந்து வெகுநேரம் கழித்துத்தான் நான் வருவேன். நிற்காதே, உன் முழங்காலுக்கு ஆகாது. ரோமெட்டின் பெஞ்சில் உட்கார்.

கடைசி வளைவில் மரம் மறைக்கும், ஆள் தெரியாது. சலசலப்பு கேட்டால் நான்தான்.

காஸியன்